ஓட்டைக் குழாய், குடத்தில் நோய்!

சொட்டு... சொட்டு... சொட்டு...

இரவு பத்து மணி. பட்டினச்சேரியில் கடல் இரைகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே, கொல்லைப்புறக் குழாயில் இருந்து இந்தச் சத்தமும் கேட்கிறது.

"அத்தை, குழாய் ஒழுகுது. ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா?" என்று கேட்கிறாள் மருமகள்.

"சொட்டுத்தானே! அடியிலே ஒரு வாளியை வை" என்கிறார் மாமியார்.

வாளி வைத்தாகிவிட்டது. விஷயம் முடிந்துவிட்டது!

இந்தப் பேச்சு ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. குழாய் உள்ள எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் கேட்கும் பேச்சுதான்.

ஆனால், விஷயம் உண்மையில் முடிந்துவிட்டதா?

இல்லை.

வாளி வைத்துப் பிடிக்கக்கூடிய சொட்டு, கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் வீணாவது தண்ணீர் மட்டுமே. மண்ணுக்கு அடியில், சாக்கடைக்குப் பக்கத்தில் கசிகிற குழாய் கண்ணுக்குத் தெரிவது இல்லை. அதனால் போவது உயிர்!

இந்த இரண்டையும் வளர்ப்பது ஒரே குணம்தான். அந்தக் குணத்தின் பெயர் அலட்சியம்.

காரைக்கால் கண்ட பாடம்

கொஞ்ச காலத்துக்கு முன் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2022-ம் ஆண்டு, ஜூலை மாதம். காரைக்காலில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலருக்குக் காலரா என்பது பரிசோதனையில் தெரிந்தது.

ஜூலை 3-ந்தேதி, புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை காரைக்காலில் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் 3 நாட்கள் மூடப்பட்டன. 'கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள்' என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் அதே உத்தரவு.

சந்தேகம் எங்கே விழுந்தது? கசிகிற குடிநீர்க் குழாய்கள் மீது விழுந்தது.

காலரா என்பது தாத்தா காலத்து நோய், பழைய கதைகளில் வரும் நோய் என்று பலர் நினைத்திருந்தார்கள். அது எங்கும் போய்விடவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது.

லண்டனில் ஒரு அடிபம்பு

இந்தப் பாடம் உலகத்துக்குப் புதிது அல்ல.

1854-ம் ஆண்டு. லண்டன் மாநகரில் பிராட் தெரு என்ற தெரு. அங்கே காலரா பரவி, சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று அந்தக் காலத்து மேதைகள் சொன்னார்கள்.

ஜான் ஸ்நோ என்ற டாக்டர் அதை ஏற்கவில்லை. இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். எல்லா வழியும் ஒரே அடிபம்பில் போய் முடிந்தது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற ஏற்பாடு செய்தார்.

பிறகு தோண்டிப் பார்த்தார்கள். பம்புக் கிணற்றுக்கு 3 அடிக்கும் குறைவான தூரத்தில், ஒரு வீட்டின் கழிவுத் தொட்டி இருந்தது. அதன் செங்கல் கட்டு சிதைந்து, கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது!

ஒரு வீட்டில், கவனிக்காமல் விட்ட ஒரு கசிவு. ஒரு வட்டாரமே துக்கம் கொண்டாடியது.

நமது தலைநகரமும் தப்பவில்லை. 1955-ம் ஆண்டுக் கடைசியில், டில்லியில் குடிநீர் எடுக்கும் இடத்தில் யமுனை நதியுடன் சாக்கடை நீர் கலந்துவிட்டது. தண்ணீரில் மருந்து கலந்துதான் விட்டார்கள். ஆனாலும், ஏறத்தாழ 29 ஆயிரம் பேரை மஞ்சள் காமாலை பிடித்தது. 'மருந்து போட்டாகிவிட்டது, பயம் இல்லை' என்று சும்மா இருக்க முடியாது என்பதற்கு இது சாட்சி. அழுக்கு உள்ளே வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும்.

உள்ளே வருவது எப்படி?

'குழாயில் இருந்து தண்ணீர் வெளியேதானே ஒழுகுகிறது? சாக்கடை எப்படி உள்ளே போகும்?' என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான்.

குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது, ஓட்டை வழியாக அது வெளியே பீறிடும். அப்போது அழுக்கு உள்ளே வராது.

ஆனால், நமது ஊர்களில் நாள் முழுவதும் தண்ணீர் வருவது இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் வரும், பிறகு நின்றுவிடும். நின்றதும் குழாய் காலியாகிறது. அப்போது, வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை நீர், அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிடும்.

மறுநாள் தண்ணீர் விடுகிறார்கள். முதலில் வரும் தண்ணீர், அந்த அழுக்கையும் சேர்த்துக்கொண்டு குடத்துக்கு வருகிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சில வீடுகளில், தெருக் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சுவது போலத்தான் இது. குழலில் ஒரு ஓட்டை இருந்தால், காற்றும் சேர்ந்து வரும் அல்லவா? தெருக் குழாயில் ஓட்டை இருந்தால், சாக்கடையும் சேர்ந்து வரும். மோட்டார் வைத்தவர் வீட்டுக்கும் வரும். அடுத்த வீட்டுக்கும் வரும்.

அடுத்த வீட்டுத் தண்ணீரைப் பறிப்பது ஒரு தப்பு. அடுத்த வீட்டுக்கு நோயைக் கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு.

கடலோரத்தின் கஷ்டம்

பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த மீனவர் கிராமம். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டுப் போனது. 'கொம்யூன்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

2004-ம் ஆண்டு, டிசம்பர் 26-ந்தேதி சுனாமி அடித்த கரை இது. அதற்குப் பிறகு, காரைக்கால் கடலோரத்தில் மீனவர்களுக்குக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் வந்தன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால், குழாய்க்கும் வயது உண்டு. போட்டவுடன் மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல அது.

கடலோரத்தில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். இரும்புக் குழாயின் மரை துருப்பிடிக்கும், வால்வு இறுகிப்போகும். பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது. ஆனால், வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். மணலில் புதைத்த குழாய், மேலே வண்டி ஏறினால் இணைப்பில் விட்டுப்போகும்.

இதற்காகப் பயப்பட வேண்டியது இல்லை. கவனமாக இருந்தால் போதும்.

அறிகுறிகள் என்ன?

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுவது போல, குழாய்க்கு நோய் வந்தாலும் அடையாளம் தெரியும்.

தண்ணீர் திறந்தவுடன் சில நிமிடங்கள் கலங்கலாக வந்து, பிறகு தெளிகிறதா? சாக்கடை நாற்றமோ, அழுகல் நாற்றமோ வீசுகிறதா? எங்கோ ஓட்டை இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பக்கத்து வீட்டில் வேகமாக வரும் தண்ணீர், இந்த வீட்டில் மட்டும் நூல் போல வருகிறதா? குழாய் அடைத்திருக்கலாம், இல்லையேல் வழியில் ஒழுகலாம்.

மழை இல்லாத நாளிலும் முற்றத்தில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருக்கிறதா? அங்கே மட்டும் புல் பச்சைப் பசேல் என்று இருக்கிறதா? சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறதா? அடியில் குழாய் கசிகிறது.

மீட்டர் உள்ள வீட்டில் ஒரு சுலபமான சோதனை உண்டு. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் சுற்றிக்கொண்டே இருந்தால், வீட்டுக்குள் எங்கோ தண்ணீர் போகிறது!

கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று அறிய, துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். இரவில் தொட்டித் தண்ணீரில் சில சொட்டு விட வேண்டும். தண்ணீர் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால், கீழே பீங்கானில் நீலம் இறங்கியிருக்கும். இறங்கியிருந்தால், தொட்டியின் அடி ரப்பர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

சொட்டின் கணக்கு

மாமியார் 'சொட்டுத்தானே' என்றார். அந்தச் சொட்டைக் கணக்குப் பார்க்கலாம்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால், ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 4 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் ஆகிறது. ஏறக்குறைய ஒன்றரைக் குடம்! மாதத்துக்கு 40 குடத்துக்கு மேல்!

அந்தத் தண்ணீரை நிறுத்த வேண்டியது எது? பெரும்பாலும், சில ரூபாய் விலையுள்ள ஒரு சின்ன வாஷர்தான்.

முதலில், வீட்டுக்கு வரும் குழாயின் வால்வை மூட வேண்டும். ஒழுகும் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை விட்டுவிட வேண்டும். ஸ்பேனரால் குழாயின் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும். உள்ளே தேய்ந்துபோன வாஷர் இருக்கும். அதையே கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் புதிது வாங்கிப் போட வேண்டும். திரும்ப மாட்டும்போது முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது, மரை போய்விடும். இந்த முறை, கைப்பிடியைத் திருகித் திறக்கும் பழைய மாதிரிக் குழாய்க்குத்தான். கால் சுற்றில் மூடும் புதுமாதிரிக் குழாய் ஒழுகினால், உட்பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

மரை உள்ள இணைப்பில் கசிந்தால், கழற்றித் துடைத்து, வெள்ளை டெஃப்ளான் டேப்பைச் சுற்ற வேண்டும். மரையை முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், மாட்டும்போது பிரிந்துவிடும்.

கிழிந்த துணியையும் சைக்கிள் டியூபையும் சுற்றிக் கட்டுவது வைத்தியம் அல்ல. ஆள் வரும் வரை அது ஒரு கட்டுத்தான். ஒரு வருடம் அப்படியே விடுவதற்கு அல்ல!

வலை பின்னத் தெரிந்த கைகளுக்கு, டேப் சுற்றுவது ஒரு வித்தையா?

தொட்டியும் சாக்கடையும்

மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தால், மிதவைப் பந்தைப் பார்க்க வேண்டும். பந்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது மிதக்காது. மாற்றிவிட வேண்டும்.

தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். மூடி இல்லாத தொட்டி, கொசுவுக்குத் தொட்டில். தொட்டியை அடிக்கடி கழுவ வேண்டும்.

சந்தேகமான காலத்தில் பிளீச்சிங் பவுடர் கலக்கலாம். 1,000 லிட்டர் தண்ணீருக்கு, நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது.

சமையலறைச் சாக்கடை அடைப்பதற்கு முக்கியக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. மீன் ஆயும் வீடுகளில் செதிலும் சேர்ந்துகொள்ளும். செதிலைச் சாக்கடையில் கழுவி விடக் கூடாது. ஒரு சல்லடை மூடி வைத்துத் தடுத்து, மண்ணில் புதைத்தால் தென்னைக்கு நல்ல உரம்.

அடைப்பு எடுக்க ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து! இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்.

சாக்கடைக் குழாய் வளைந்து இருப்பது எதற்கு? அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. பல நாள் புழங்காத குளியலறையில் நாறினால், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

உயிரைப் பறிக்கும் குழி

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் துணிச்சல் காட்டக் கூடாது. செப்டிக் டாங்க் என்ற கழிவுத் தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது. தானும் இறங்கக் கூடாது.

உள்ளே இருக்கும் விஷவாயு, ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இப்படி அண்ணனும் தம்பியுமாகச் செத்த செய்திகள் எத்தனை! மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உறிஞ்சும் லாரியை வரவழைப்பதே சரியான வழி. கூலி மிச்சம் என்று ஒரு ஏழையைக் குழிக்குள் இறக்குகிறவர் செய்வது சிக்கனம் அல்ல, குற்றம்.

குடிநீர்க் கிணறோ அடிபம்போ, கழிவுத் தொட்டியில் இருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமான குடியிருப்பில் அதற்கு இடம் இல்லை என்றால், அந்த அடிபம்புத் தண்ணீர் துணி துவைக்க மட்டும் ஆகட்டும்.

குடத்துக்கு வந்த பிறகு

குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கக் கூடாது. அதைப் பாத்திரம் துலக்காமல், செடிக்கு ஊற்றிவிடலாம். தெளிந்து வந்த பிறகே குடிக்கப் பிடிக்க வேண்டும்.

தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்த தண்ணீரே நம்பத் தக்கது. குடத்துக்குள் கையை விட்டு மொள்ளக் கூடாது. நீண்ட பிடி உள்ள கரண்டி வேண்டும்.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், உடம்பில் இருந்து போகும் தண்ணீரை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி கொடுக்கலாம். ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தள்ளிப்போடக் கூடாது.

யார் பொறுப்பு?

'வரி வாங்குகிறவர்கள் பார்க்கட்டும்' என்று மக்கள் சொல்கிறார்கள். 'மக்கள் புகார் தரவில்லை' என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நடுவில் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது!

பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு.

தெருவில் ஓடும் பெரிய குழாய் அரசாங்கத்தின் பொறுப்பு. குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்குள் புதைத்துக் கொண்டுபோவது எந்த ஊரிலும் கூடாது. அப்படிப் போகும் குழாய்களைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். நோய் வந்த பிறகு தொட்டிகளைக் கழுவி மருந்து தூவுவது தீயணைக்கும் வேலை. தீப்பிடிக்காமல் பார்ப்பதுதான் ஆட்சி. வருடத்துக்கு ஒரு முறை, மழைக் காலத்துக்கு முன், தெருத் தெருவாகக் குழாய்ச் சோதனை நடக்க வேண்டும். புகார் சொன்னவருக்கு இத்தனை நாளில் பழுது பார்க்கப்படும் என்று பதிலும் கிடைக்க வேண்டும்.

தெருக் குழாயில் இருந்து அடுப்படி வரை வரும் குழாய், வீட்டுக்காரரின் பொறுப்பு. மோட்டார் வைத்து உறிஞ்சாமல் இருப்பதும் அவர் பொறுப்பு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீர் பிடிப்பது பெண்கள். கலங்கலை முதலில் பார்ப்பதும், நாற்றத்தை முதலில் உணர்வதும் பெண்கள். ஆனால், ரிப்பேருக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கடலில் இருந்து வரும் வரை குழாய் காத்திருக்கிறது. நோய் காத்திருப்பது இல்லை. ஆகவே, குழாய்ச் செலவுக்கென்று அஞ்சறைப் பெட்டியில் ஒரு சிறு தொகை இருக்கட்டும். அதைச் செலவழிக்கும் உரிமை வீட்டுப் பெண்ணுக்கு இருக்கட்டும். குழாய் வேலையை ஆண்களோடு பெண்களுக்கும் கற்றுக்கொடுக்க, கொம்யூன் தோறும் ஏற்பாடு வேண்டும்.

வாளியை எடு!

பட்டினச்சேரி மக்களுக்கு இதை விளக்க வெளியூர் மேதை தேவை இல்லை.

படகில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தால், மீனவர் என்ன செய்வார்? 'சொட்டுத்தானே, ஒரு வாளியை வை' என்று சொல்லிக் கடலுக்குப் போவாரா? மாட்டார். கரையிலேயே இழுத்துப் போட்டு, அடைத்த பிறகுதான் அலையில் இறக்குவார். ஏனென்றால், அந்த ஓட்டை யாரை விழுங்கும் என்று அவருக்குத் தெரியும்.

வீடும் ஒரு படகுதான். அதில் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதான தாய் இருக்கிறாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு அரை மணி நேரம் போதும். குழாயைத் திறந்து, மூடி, மோந்து, தடவிப் பார்க்கட்டும்.

மருமகள் கேட்டது சரியான கேள்வி. இனி மாமியார் சொல்ல வேண்டிய பதில் இதுதான்:

"வாளியை எடும்மா. முதல்லே வால்வை மூடு!"